வெளிநாட்டு வேலைக்கு ஒருவரை அனுப்பும் வீட்டுக்கு: மன்னார்க் குடும்பங்களுக்கான குறிப்புகள்

தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம், வங்காலை, முருங்கன், சிலாவத்துறை என்று மன்னாரில் எங்கே போனாலும் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போனவர்களின் பேச்சு வராமல் இருக்காது. நாட்டின் பொருளாதாரம் விழுந்த 2022 இல் இலங்கையிலிருந்து பதிவு செய்து வேலைக்குப் போனவர்கள் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேல். போனவருக்கு அங்கே ஒரு பிரச்சினை வந்தால் முறைப்பாடு பெரும்பாலும் இங்கே வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. "வேலை வீட்டுக்காரரின் பெயர் என்ன? கடவுச்சீட்டு இலக்கம் என்ன? எந்த ஏஜென்சி?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். ஒன்றுக்கும் பதில் தெரியாமல் திரும்பி வருகிற தாய்மாரும் கணவன்மாரும் நம் ஊர்களில் நிறையப் பேர். போகிறவருக்கும் இந்தக் குறிப்புகள் உதவும். ஆனால் வீட்டில் இருக்கப்போகிறவர்களை நினைத்தே இவற்றை எழுதினேன்.

1. முற்பணத்தைக் கண்டதும் மயங்காதீர்கள். வீட்டு வேலைக்குப் பெண்ணை அனுப்பும்போது ஏஜென்சிக்காக ஊரில் ஆள் பிடிக்கும் சப் ஏஜென்ட் காசு கேட்பதில்லை, தானே ஒரு தொகையைக் கையில் வைப்பார். "இது உங்களுக்குத்தான் அக்கா, திருப்பித் தரத் தேவையில்லை" என்பார். அங்கே போய்ச் சில மாதங்களில் அடியும் பசியும் தாங்காமல் "அம்மா, என்னைக் கூப்பிடுங்கோ" என்று பிள்ளை அழும்போது அதே தொகை கடனாக மாறிவிடும். கட்டினால்தான் ஆள் வரும் என்பார்கள். இந்தக் கரைக்கு இது புதிய தந்திரமில்லை. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து போனார்கள். வழியில் கொலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். தப்பிப் போய்ச் சேர்ந்தவரின் தலையிலும் கங்காணி கொடுத்த முற்பணம் கடனாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கடனைத் 'துண்டு' என்ற ஒரு கடதாசியில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினார்கள். கடன் தீராமல் ஆள் நகர முடியாது. அந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று வீட்டு வாசலில் எண்ணிக் கொடுக்கப்படும் முற்பணமும் அதே வேலையைத்தான் செய்கிறது. கூடுமானால் வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டிய நிலையென்றால், எதற்கான தொகை, எந்த நிலையில் திருப்பிக் கேட்கப்படும் என்று ஏஜென்சியின் கடிதத் தாளில் எழுதி வாங்குங்கள். முதல் மூன்று மாதம் அதைத் தொடாமல் வங்கியில் விட்டு வையுங்கள்.

2. வெற்றுத் தாளில் கையொப்பம் வேண்டாம். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், தேசிய அடையாள அட்டை எதையும் ஈடாகக் கொடுக்கவும் வேண்டாம். அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி கொடுத்தால் அதன் குறுக்கே "வெளிநாட்டு வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதித் திகதி போட்டுக் கொடுங்கள்.

3. வீடு தேடி வருகிறவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்ப்பது குற்றம். நம் ஊரில் வந்து தேநீர் குடித்துப் போகிறவர் பெரும்பாலும் சப் ஏஜென்ட். அனுமதிப்பத்திரம் கொழும்பிலோ குருநாகலிலோ இருக்கும் ஏஜென்சியின் பெயரில் இருக்கும். அந்த ஏஜென்சியின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் கேட்டு வாங்கி 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து உறுதி செய்யுங்கள். அது பணியகத்தின் தொலைபேசி; தமிழிலேயே கேட்கலாம். ஏஜென்சி உண்மையானது என்று தெரிந்த பிறகு இன்னொன்றையும் விசாரியுங்கள்: நம்மவர் போகிற அந்த வேலைக்கு, அந்த நாட்டுக்கு, அந்த ஏஜென்சிக்குப் பணியகம் ஒப்புதல் கொடுத்த ஜொப் ஓடர் இருக்கிறதா? அனுமதிப்பத்திரமுள்ள ஏஜென்சியும் ஜொப் ஓடர் இல்லாத வேலையைக் காட்டி ஏமாற்றலாம்.

4. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். "அங்கே போய் மாத்திக்கொள்ளலாம்" என்பதை யார் சொன்னாலும், சொந்தத் தம்பியே சொன்னாலும், நம்பாதீர்கள். 2022 இல் இப்படி ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் கைமாற்றி விற்கப்பட்டு, கடைசியில் மஸ்கட் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் அடைக்கலம் தேடிய செய்தி நாட்டையே உலுக்கியது. அந்த நவம்பரில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதை விசாரித்தது. சுற்றுலா விசாவில் இருப்பவர் அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை. சம்பளம் கேட்க வழியில்லை. தொழில் நீதிமன்றம் போனால் முதலில் விசா மீறலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். கையில் வரும் விசாக் கடதாசியில் வேலையின் வகையும் வேலை கொடுப்பவரின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரபு தெரிந்தவர் நம்மிடையே இல்லாமலில்லை. பள்ளிவாசலில் மௌலவியிடம் கொண்டுபோய்க் காட்டினால் இரண்டு நிமிடத்தில் வாசித்துச் சொல்வார்.

5. வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுக்க விடாதீர்கள். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 1988 இல் பிறந்தவர். 1982 இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு எடுத்து 2005 இல் அவரைச் சவூதிக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 17. போன சில வாரத்திலேயே, அவரிடம் பாலூட்டக் கொடுத்திருந்த குழந்தை இறந்தது. கொலையென்று தீர்ப்பானது. சம்பவம் நடந்தபோது அவர் சிறுமி என்ற வாதத்தின் முன்னால் அந்தக் கடவுச்சீட்டுத் திகதி நின்றது. 2013 ஜனவரி 9 அன்று தவாத்மியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. "நாலு வயசு கூட்டினால் என்ன குறைஞ்சு போகும்" என்று ஒருவர் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னால் இந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. பெயரின் எழுத்தையும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றிலும் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் காப்புறுதிப் பணம், வங்கிப் பணம், இறப்புக் கொடுப்பனவு எல்லாம் தடைப்படுவது இந்த எழுத்து வேறுபாட்டில்தான். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பலர் உடுத்த உடையோடு புத்தளம் போனவர்கள். போரில் பலமுறை இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் அப்படியே. பத்திரம் தொலைந்திருந்தால் ஏஜென்ட் "நான் எடுத்துத் தாறன்" என்பார். அவரிடம் விடாதீர்கள். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் நீங்களே விண்ணப்பித்து உண்மையான பிரதியை எடுங்கள். நாட்கள் கூடப் போகலாம். போனால் போகட்டும்.

7. பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். மன்னார் நகரம், மாந்தை மேற்கு, நானாட்டான், முசலி, மடு ஆகிய உங்கள் பிரிவு எதுவோ, அங்கே போய் அவரது பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களுக்கு 2013 முதல் கேட்கப்படும் குடும்பப் பின்னணி அறிக்கையும் இவர் வழியாகத்தான் போகிறது. பிள்ளையின் வயது, பெண்ணின் வயது பற்றிய விதிகள் 2022 இல் தளர்த்தப்பட்டன. இன்று எது நடைமுறையில் இருக்கிறது என்பதை ஏஜென்டிடம் கேட்காமல் இவரிடமே கேளுங்கள். தாயிடம் மட்டும் அறிக்கை கேட்டு, நாடுவிட்டுப் போகும் தகப்பனிடம் ஒன்றும் கேட்காத இந்த முறை எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் அறிக்கையைத் தவிர்க்கவென்று சுற்றுலா விசாவில் ஏறிப் போகிற பெண்கள்தான் பிறகு யாரிடமும் முறையிட முடியாமல் மாட்டுகிறார்கள். விதியோடு சண்டை பிடிக்கலாம். அதற்காகப் பதிவில்லாமல் போகக்கூடாது.

8. 'பியூரோ பதிவு' இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். பணியகத்தில் பதிந்து போகிறவருக்குக் காப்புறுதி உண்டு. அங்கே பிரச்சினையென்றால் தூதரகத்தின் தொழில் பிரிவு கோப்பைத் திறக்க அந்தப் பதிவே முதல் ஆதாரம். பதிவு நிரந்தரமானதல்ல. லீவில் வந்து மீண்டும் போகும்போது புதுப்பிக்க வேண்டும். இரண்டாம் முறை போகிறவர்கள் "அதே வீட்டுக்குத்தானே போறன்" என்று இதை விட்டுவிடுகிறார்கள். காப்புறுதி இல்லாமல் போவது அப்படித்தான்.

9. உடன்படிக்கையை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு, எந்த நாணயத்தில், மாதத்தின் எந்தத் திகதியில், எத்தனை பேருள்ள வீடு, வாரத்தில் லீவு எது, திரும்பி வரும் விமானச் சீட்டு யார் செலவு ஆகியவற்றை ஏஜென்சியில் உட்கார்ந்தே கேளுங்கள். கையொப்பமிட்டதும் அங்கேயே ஃபோனில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். போன இடத்தில் அரபியில் மட்டும் இன்னொரு தாளை நீட்டி ஒப்பமிடச் சொன்னால் அதையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இங்கே ஒரு சம்பளம், அங்கே வேறு சம்பளம் என்று மாற்றுவது அந்த இரண்டாவது தாளில்தான்.

10. மெடிக்கலின்போது போடப்படும் ஊசி என்ன என்று கேளுங்கள். பரிசோதனை என்ற பெயரில், மூன்று மாதம் கருத்தரிக்காமலிருக்கும் ஊசியை விளக்கமில்லாமல் போட்டதாகப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். உடம்பு அவளுடையது. பெயரைக் கேட்கவும் வேண்டாமென்று சொல்லவும் உரிமை உண்டு. தன்னோடு ஒரு அக்காவையோ சித்தியையோ கூட்டிப் போகட்டும்.

11. வீட்டுக் கோப்பு. பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று போதும். கடவுச்சீட்டின் படமுள்ள பக்கம், விசா, உடன்படிக்கை, பியூரோ பதிவுப் பற்றுச்சீட்டு, காப்புறுதித் தாள், ஏஜென்சியின் பெயரும் முகவரியும், சப் ஏஜென்டின் முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், விமானச் சீட்டு, முற்பணம் வாங்கியிருந்தால் அதன் தாள் ஆகியவற்றை அதில் போடுங்கள். சப் ஏஜென்டின் இலக்கத்தை "ஏஜென்ட் மாமா" என்று மட்டும் ஃபோனில் பதிந்து வைத்துவிட்டு, ஃபோன் உடைந்ததும் தவித்தவர்கள் உண்டு. கடதாசியில் எழுதுங்கள். ஒரு பிரதியை மழைவெள்ளம் எட்டாத உயரத்தில் வீட்டிலும், இன்னொன்றை இன்னொரு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். போய்ச் சேர்ந்தவர் அங்கே குடியிருப்பு அட்டை கிடைத்ததும், சவூதியில் அகாமா, குவைத்தில் பத்தாக்கா, அதன் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்ப வேண்டும். வேலை அனுமதிக்கு உயிருள்ள சான்று அந்த அட்டைதான். அதில் எழுதியிருக்கும் காலம் முடியும் திகதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் விடுவது வேலை கொடுப்பவரின் தவறு. தண்டத்துக்கும் சிறைக்கும் பயந்து ஒளிவது தொழிலாளியாக இருக்கிறது. ஆகவே ஒரு மாதம் முன்னரே நினைவூட்டுங்கள்.

12. வாசலிலுள்ள பலகையைப் படமெடுக்கச் சொல்லுங்கள். இந்தக் குறிப்பு ஒன்றையாவது செய்யுங்கள் என்று கேட்கிறேன். வீட்டுப் பணிப்பெண்ணிடம் "எங்கே இருக்கிறாய்" என்று கேட்டால் "ஒரு பெரிய வீட்டிலம்மா, பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கு" என்பாள். ரியாத்தில் அப்படி எத்தனையோ ஆயிரம் வீடு. ஆனால் வளைகுடா நகரங்களில் கட்டடத்துக்குக் கட்டடம் இலக்கம் உண்டு. கட்டாரில் சுவரில் நீலப் பலகை இருக்கும். வலயம், வீதி, கட்டடம் என்று மூன்று இலக்கங்கள் அதில் உண்டு. குவைத்தில் குடியியல் தகவல் அதிகாரசபை ஒவ்வொரு கட்டடத்துக்கும் கொடுத்த தானியங்கி இலக்கம் வாசலில் பொறிக்கப்பட்டிருக்கும். டுபாயில் மகானி என்ற பத்து இலக்க எண். சவூதியில் நாலு இலக்கக் கட்டட எண்ணுடன் தேசிய முகவரிப் பலகை. குப்பை போட வெளியே வரும் அரை நிமிடத்தில் இதைப் படமெடுத்துவிடலாம். படமெடுக்க முடியாவிட்டால் இலக்கங்களைப் பார்த்து ஃபோனில் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பத் தெரிந்தவர் முதல் நாளே அனுப்பிவிடட்டும். தூதரகத்துக்கோ அந்நாட்டுப் பொலிசுக்கோ இந்த இலக்கத்தைக் கொடுத்தால் வாசலில் வந்து நிற்பார்கள். அது இல்லாமல் தேடுவது கடலில் விழுந்த மூக்குத்தியைத் தேடுவதுதான்.

13. ஒரு அடையாளக் கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரி பக்கத்தில் நிற்கும்போது பிள்ளை உண்மையைச் சொல்லமாட்டாள். "கிணத்துத் தண்ணி உப்பாப் போச்சா?" என்று அவள் கேட்டால், அங்கே நிலைமை சரியில்லை என்று அர்த்தம். "மாமிக்குச் சுகமா?" என்றால், உடனே முறைப்பாடு செய் என்று அர்த்தம். இப்படி இரண்டு வாக்கியம், விமான நிலையத்துக்குப் புறப்படும் முன்பே பேசி வைத்தால் போதும். எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் பேசுவது என்றும் முடிவு செய்யுங்கள். இரண்டு தடவை தொடர்ந்து பேச வராவிட்டால் காத்திருக்காமல் ஏஜென்சிக்கு அழையுங்கள்.

14. கடவுச்சீட்டு போனவளுடையது. வேலை கொடுப்பவர் அதை வாங்கிப் பூட்டி வைப்பது கட்டாரிலும் குவைத்திலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சவூதியிலும் சட்டத்துக்கு மாறானது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் முதல் நாளே வாங்கிவிடுகிறார்கள். அதற்காகச் சண்டை பிடித்து முதல் நாளே கெட்ட பெயர் எடுக்கத் தேவையில்லை. இலக்கமும் படமும் வீட்டில் இருந்தால் தூதரகம் தற்காலிகப் பயணப் பத்திரம் கொடுக்க முடியும்.

15. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து போகட்டும். வளைகுடாவில் தொழிற் சட்டம் என்றால் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் வீட்டுச் சாரதிக்கும் அது அப்படியே பொருந்தாது. பல நாடுகளில் அவர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.

கட்டாரில் 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்: நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேலையில்லை, வாரத்தில் தொடர்ந்து 24 மணி ஓய்வு, வருடத்தில் மூன்று வார லீவு, விலகும்போது ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று வாரச் சம்பளம். 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். அது வீட்டுப் பணியாளருக்கும் சேர்த்துத்தான். உணவும் இடமும் தராவிட்டால் அதற்கு மேலே 300 உம் 500 உம் கொடுக்க வேண்டும். வேலை மாறப் பழைய எஜமானின் சம்மதக் கடிதம் தேவை என்ற விதியும் 2020 இல் அங்கே நீக்கப்பட்டது.

குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம்: வார லீவு, வருடத்தில் 30 நாள் சம்பள லீவு, விலகும்போது ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆணைச் சட்டம்: நாளில் 12 மணி ஓய்வு, அதில் எட்டு மணி தொடர்ச்சியாக. சவூதியில் 2021 மார்ச்சில் வேலை மாறுவது இலகுவாக்கப்பட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்தச் சலுகையில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. வளைகுடாவுக்கு வெளியே, லெபனானில் தொழிற் சட்டமே வீட்டுப் பணியாளரை வெளியே வைத்திருக்கிறது. ஆகவே நாட்டைத் தெரிவு செய்யும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாயிரம் ரூபாய் குறைந்தாலும் சட்டமுள்ள நாடு நல்லது.

16. சம்பளக் கணக்கை வீட்டில் எழுதுங்கள். எந்த மாதச் சம்பளம், எவ்வளவு, எந்தத் திகதியில், எந்த வழியில் வந்தது என்று ஒரு கொப்பியில் பதியுங்கள். போனவளும் அங்கே ஒரு சிறு கொப்பி வைத்திருக்கட்டும். உண்டியலில் அனுப்பினால் நாலு காசு கூடக் கிடைக்கலாம். ஆனால் பின்னால் "எல்லாச் சம்பளமும் கொடுத்தேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால் மறுக்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. வங்கி வழியாக, அவளுடைய பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். "காசை நான் சேர்த்து வச்சிருக்கிறன், போகேக்க மொத்தமாத் தாறன்" என்று சொல்லும் எஜமானை நம்பி இரண்டு வருடம் உழைத்து வெறுங்கையோடு வந்தவர்கள் உண்டு. இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் மூன்றாம் மாதம் முறைப்பாடு. அதற்கு மேல் பொறுக்காதீர்கள்.

17. ஓடுவதற்கு முன் ஒரு அழைப்பு. கொடுமை தாங்காமல் வெளியேற வேண்டி வரலாம். அடி, பாலியல் தொல்லை, உணவு மறுப்பு என்றால் உயிர்தான் முதல், யோசிக்க ஒன்றுமில்லை: நேரே இலங்கைத் தூதரகத்துக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ போக வேண்டும். ஆனால் தெரியாத ஒருவர் "வேற வீட்டில் கூடச் சம்பளத்துக்குச் சேர்த்து விடுறன்" என்று கூப்பிட்டுப் போவது வேறு. எஜமான் 'ஓடிவிட்டாள்' என்று அறிக்கை கொடுத்துவிட்டால், சவூதியில் அதை ஹுரூப் என்பார்கள், வேலை அனுமதி அன்றோடு செத்துவிடும். பிடிபட்டால் தடுப்பு நிலையம், நாடு கடத்தல். ஆகவே வெளியேறும் அன்றே, முடிந்தால் அதற்கு முன்பே, வீட்டுக்கு ஒரு அழைப்பு வரட்டும். வீட்டிலுள்ளவர் அதே நாளில் 1989 இல் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கம் வாங்கிவிட்டால், கொடுமை பற்றிய முறைப்பாடு இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கும்.

18. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். யார், எந்த நாடு, எந்த வீடு, எந்த ஏஜென்சி, என்ன நடந்தது, எந்தத் திகதியில், என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். "என்ன வேண்டும்" என்பதை மறக்காதீர்கள்: நாட்டுக்குக் கூப்பிடுவதா, சம்பள நிலுவையா, வீடு மாற்றுவதா? ஒரு பிரதி பணியகத்துக்கு, ஒரு பிரதி பிரதேச செயலக உத்தியோகத்தருக்கு. உங்கள் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். வாரக்கணக்கில் பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "எனது முறைப்பாட்டில் இதுவரை என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கேட்டு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அலுவலகம் முடிவைச் சொல்ல வேண்டும். தீர்வை வாங்கிக்கொடுக்க இச்சட்டம் உதவாது. ஆனால் அடியில் கிடக்கும் கோப்பை மேலே எடுக்க வைக்கும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி 1996.

19. அற்றோனித் தத்துவம் எழுதும்போது கவனம். போகிறவர் திரும்பி வந்து பார்க்கும்போது காணி இன்னொருவர் பெயரில் இருப்பது மன்னாரிலும் நடக்கிறது. வங்கிக்கு மட்டும் என்றால் வங்கிக்கு மட்டும் என்று எழுதுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் கொடுக்காதீர்கள், கணவனுக்கானாலும் சகோதரனுக்கானாலும்.

20. பிள்ளைகளுக்கு ஒரு ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். அம்மம்மா, சித்தி, அப்பா எல்லோரும் பார்ப்பார்கள் என்றால் பல நேரம் ஒருவரும் பார்ப்பதில்லை. யார் பொறுப்பு என்று வகுப்பாசிரியரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் பெயரைச் சொல்லி வையுங்கள். பெண் பிள்ளை வளர்ந்திருந்தால் அவள் எந்த அறையில், யாரோடு தூங்குவாள் என்பதையும் பேசித் தீர்த்துவிட்டுப் போங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பேசுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி 1929. பிள்ளைக்கும் அந்த இலக்கம் தெரியட்டும்.

21. கொரியாவுக்கு ஏஜென்ட் இல்லை. கடற்றொழில் தெரிந்த நம் இளைஞர்களுக்குத் தென் கொரியாவில் மீன்பிடித் துறையிலும் வேலை அனுமதி கிடைக்கிறது. அதற்கு ஒரே வழி பணியகம். கொரிய மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். இடையில் காசு வாங்கும் எவரும் ஏமாற்றுகிறார். பேசாலையில் ஒரு படகின் பங்கை விற்று ஏஜென்டிடம் கொடுப்பதைவிட மொழி வகுப்புக்குக் கொடுங்கள். இங்கிலாந்துக்குப் பராமரிப்பு வேலை விசா என்று இன்னும் சிலர் விற்கிறார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை இங்கிலாந்து நிறுத்திவிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை, பெரிய சம்பளம் என்று வருவதும் அப்படித்தான். அந்த வழியில் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடி மோசடி முகாம்களில் அடைபட்டார்கள்.

22. தலைமன்னாரிலிருந்து படகில் தனுஷ்கோடிக்குப் போவது வேலைக்கு வழியல்ல. 2022 மார்ச்சில் பசியால் குழந்தைகளோடு குடும்பங்கள் அங்குள்ள அரிச்சல்முனையில் போய் இறங்கின. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே போய் உழைக்கலாம் என்று நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்தியாவில் இலங்கை அகதிக்கு வேலை அனுமதிப் பத்திரம் என்று ஒன்று கிடையாது. முகாமில் பதிந்து, பெயின்ட் அடித்தும் கட்டடத்தில் கல் சுமந்தும் கூலி வாங்கலாம். கூலியை ஒருவர் ஏமாற்றினால் கேட்க நிற்கும் நிலம் அங்கே மிகக் குறுகியது.

23. அங்கிருந்து புறப்படும்போது "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் காசைக் கையில் எண்ணாமல் ஒப்பமிடக்கூடாது. விமான நிலையத்தில் வைத்து நீட்டுவார்கள், நேரமில்லை என்பார்கள். நிலுவைச் சம்பளத்தையும் சேவைக்காலப் பணத்தையும் அந்த நாட்டைவிட்டு வெளியேறிய பிறகு வாங்குவது மிகக் கடினம். வேலை முடித்துத் திரும்புகிறவர் இதைக் கடைசி மாதத்துக்கு முன்பே பேசத் தொடங்கட்டும்.

24. அங்கே இறந்துவிட்டால். எழுதவே கை வரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். உடலைக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்பதில் குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் கேட்பார்கள். விளங்காத தாளில் அழுதுகொண்டே ஒப்பமிடாதீர்கள். ஒரு நாள் எடுத்து, தெரிந்த ஒருவரை வைத்து வாசியுங்கள். மரணத்தில் சந்தேகம் இருந்தால் உடல் கட்டுநாயக்காவுக்கு வரும்போதே சொல்லி, இங்கே மரண விசாரணை கேளுங்கள். அடக்கம் செய்த பிறகு கேட்பது மிகச் சிரமம். காப்புறுதிப் பணம், சம்பள நிலுவை, அந்நாட்டு இழப்பீடு மூன்றும் வேறு வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெளிநாட்டு இறப்புப் பத்திரங்களை உறுதிப்படுத்தும் விடயங்களுக்குக் கொழும்பு வரை போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

25. 1989 என்ற குறு இலக்கத்தை வெளிநாட்டிலிருந்து அழுத்தினால் கிடைக்காது. இங்கிருந்து நீங்கள்தான் அழைக்க வேண்டும். அதனால் பணியகம் 1989, மனித உரிமைகள் ஆணைக்குழு 1996, சிறுவர் பாதுகாப்பு 1929, உங்கள் பிரதேச செயலக உத்தியோகத்தரின் இலக்கம், போன நாட்டின் இலங்கைத் தூதரக இலக்கம் ஆகிய ஐந்தையும் பெரிய எழுத்தில் எழுதி, பாட்டிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிகிற உயரத்தில், இன்றைக்கே சுவரில் ஒட்டிவிடுங்கள்.